குளிர்காலக் கடலில் ஆளுக்கு ஒரு டஜன் முள்ளெலி

கோடை விடுமுறைக்கு மத்தியதரைக் கடலில் படகு எடுப்பவர்கள் பாறையோரம் நங்கூரம் போட்டு, தெளிந்த நீருக்குள் எட்டிப் பார்த்ததும் கேட்பது ஒன்றுதான்: "அந்தக் கறுப்பு முள்ளுருண்டையைத்தானே இங்கே உடைத்துச் சாப்பிடுகிறார்கள்?" சாப்பிடுகிறார்கள். அந்த முள்ளுருண்டைதான் கடல் முள்ளெலி; இனி வெறும் முள்ளெலி என்றே சொல்கிறேன். ஆனால் கேட்பவரின் விரல் நீள்வது பெரும்பாலும் யாரும் சாப்பிடாத இனத்தை நோக்கி. அவர் வந்திருப்பதும் யாரும் சாப்பிடாத மாதத்தில். இந்த இரண்டையும் சரிசெய்துகொண்டால் மீதி எல்லாம் கைப்பழக்கம்.

நான் எழுதுவது பிரான்சின் தென்கரையை வைத்து. மார்சேய் நகருக்கு மேற்கே, சுண்ணாம்புப் பாறைகள் கடலுக்குள் இறங்கும் ஒரு கரை உண்டு. கோத் புளூ, அதாவது நீலக் கரை என்பது அதன் பெயர். நியோலோன், கர்ரி-லெ-ரூவே, சோசே-லெ-பான் என்று சின்னச் சின்னத் துறைமுகங்கள். கர்ரியில் பிப்ரவரியின் முதல் மூன்று ஞாயிறுகளும் முள்ளெலித் திருவிழா. துறைமுகத்தை ஒட்டி மேசை போட்டு, தட்டுத் தட்டாக வாங்கி, காற்றோடு உட்கார்ந்து தின்பார்கள். இத்தாலி, கிரேக்கம், ஸ்பெயின் கரைகளில் வேறுபடும் இடங்களை ஆங்காங்கே சொல்கிறேன்.

மாதம்

முள்ளெலிக்குள் நாம் தின்பதைப் பலரும் முட்டை என்கிறார்கள். அது முட்டையல்ல, இனப்பெருக்கச் சுரப்பி. ஆணிலும் பெண்ணிலும் ஐந்தைந்து இருக்கும். பலாச்சுளையை மிகச் சிறிதாக்கி ஓட்டின் உட்புறம் நட்சத்திரமாக ஒட்டிவைத்தது போல இருப்பதால் நான் அவற்றைச் சுளை என்றே சொல்லிப் பழகிவிட்டேன். குளிர்காலம் முழுவதும் இந்தச் சுளைகள் தடித்துக்கொண்டே வரும். வசந்தத்தில் விந்தும் முட்டையும் கடலில் கலந்துவிட்டால் உள்ளே மிஞ்சுவது நீரும் குடலும்தான். ஆகவே ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களே நல்லவை.

கோடையில் எடுக்காமலிருக்க இன்னொரு காரணமும் உண்டு. நீர் சூடாகி அலையின்றிக் கிடக்கும்போது ஆஸ்ட்ரியோப்சிஸ் என்ற நுண்பாசி பாறைகளில் பெருகி நஞ்சை உண்டாக்கும். 2005 கோடையில் இத்தாலியின் ஜெனோவா கரையில் அந்தப் பாசி கலந்த கடற்காற்றைச் சுவாசித்தே சுமார் 200 பேருக்கு மருத்துவ உதவி தேவைப்பட்டது. பாறையில் படியும் பாசியை மேய்வதே முள்ளெலியின் வேலை என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

குளிர்காலத்திலும் எல்லா நாளும் ஒத்துவராது. பாரமானியைப் பாருங்கள். காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் கூடினால் கடல்மட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இறங்கும். 1035 காட்டும் அமைதியான நாளில் நீர் வழக்கத்தைவிட ஒரு சாணுக்குக் கிட்டத்தட்ட இறங்கியிருக்கும். ஏற்றவற்றமே சொற்பமான இந்தக் கடலில் அது பெரிய வித்தியாசம். ஸ்பெயினின் கட்டலோனியாக்காரர்கள் இதற்கு 'ஜனவரி வற்றம்' என்ற பொருளில் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். முன்பெல்லாம் அந்த நாட்களில் கரையிலிருந்தபடியே முள்ளெலி பொறுக்குவார்களாம். அங்கே பலஃபுருஜெல் என்ற ஊரில் ஜனவரி முதல் மார்ச் வரை முள்ளெலிக்கென்றே விருந்துக் காலம் நடக்கிறது.

சட்டம்

படகை அவிழ்ப்பதற்கு முன் இதை முடித்துவிடுங்கள். எங்கள் மாவட்டத்தில் பல ஆண்டுகளாக இருந்துவந்த காலம் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை. பொழுதுபோக்காக எடுப்பவருக்கு நாளொன்றுக்கு ஆளுக்கு 4 டஜன், படகுக்கும் ஒரு மொத்த வரம்பு. முள்ளை விட்டு ஓட்டின் குறுக்களவு குறைந்தது 5 சென்டிமீட்டர் இருக்கவேண்டும். மூச்சடக்கி மூழ்கலாம், காற்றுச் சிலிண்டர் கட்டிக்கொண்டு எடுக்கக்கூடாது. முள்ளெலி குறைந்துவருவதால் இந்த விதிகள் எங்கும் இறுகிக்கொண்டே போகின்றன. போன ஆண்டு பார்த்ததை நம்பிப் போகவேண்டாம். துறைமுக அலுவலகத்தில் கேட்டால் அந்தப் பருவத்தின் விதி கிடைக்கும்.

இத்தாலியில் 1995 ஆணைப்படி ஆளுக்கு 50, அளவு முள்ளோடு சேர்த்து 7 சென்டிமீட்டர், மே ஜூன் இரண்டு மாதமும் தடை. முள்ளோடு 7, முள்ளில்லாமல் 5: இரு நாட்டுக்கும் இடையே படகில் போய்வருபவர்கள் இதைக் குழப்பிக்கொள்வது வழக்கம். தெற்கே பூலியா மாநிலம் 2023இல் மூன்றாண்டுத் தடையே போட்டது. கடல்வாழ் உயிர்களுக்கான காப்பகங்களும் உண்டு. எங்கள் கரையில் கர்ரியில் ஒன்று 1983 முதல், லா குரோன் முனையில் இன்னொன்று 1996 முதல். இரண்டுக்குள்ளும் எந்த மீன்பிடிப்பும் கூடாது, நங்கூரமும் போடக்கூடாது. எல்லை மிதவைகளைக் கடல் வரைபடத்தில் முன்னாலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

கேட்கும்போது ஒன்றைச் சேர்த்துக் கேளுங்கள்: படகிலேயே உடைக்கலாமா? சில கரைகளில் கூடாது. ஓடு போய்விட்டால் அளவைச் சோதிக்க வழியில்லை என்பதுதான் காரணம். அப்படியானால் முழுதாகக் கரைக்குக் கொண்டுவந்து உடையுங்கள்.

எது உண்ணும் முள்ளெலி

பாறையில் இரண்டு இனங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். கரைமக்கள் ஒன்றைப் பெண் என்றும் மற்றதை ஆண் என்றும் சொல்வார்கள். பெண்ணைத்தான் தின்னவேண்டும், அதுதான் தலையில் சிப்பியும் கல்லும் சூடிக்கொண்டிருக்கும் என்பது கிரேக்கத்திலிருந்து எங்கள் தென் பிரான்சின் புரோவான்ஸ் பகுதி வரை கேட்கும் பேச்சு. உண்மையில் அவை ஆணும் பெண்ணும் அல்ல, தனித்தனி இனங்கள். இரண்டிலும் ஆணும் பெண்ணும் உண்டு. வெளியிலிருந்து பிரித்தறிய முடியாது. ஆனால் அந்தப் பேச்சு காட்டும் அடையாளம் மட்டும் சரியானது.

உண்ணும் இனம் பாராசென்ட்ரோட்டஸ். ஊதா, பழுப்பு, ஆலிவ் பச்சை, கரும்பழுப்பு என்று நிறம் மாறும். வெயிலில் பார்த்தால் தூய கறுப்பாக இருக்காது. சிப்பித் துண்டு, பாசி, சிறு கல் ஏதாவது ஒன்றைக் குழாய்க்கால்களால் பிடித்துத் தலைமேல் வைத்திருக்கும். விட்டுவிடவேண்டியது ஆர்பேசியா. மை போன்ற கறுப்பு, விறைத்த முள், தலையில் ஒன்றும் இராது, அலையடிக்கும் செங்குத்துப் பாறையில் அட்டையாக ஒட்டியிருக்கும். சந்தேகம் வந்தால் புரட்டி வாய்ப்பக்கம் பாருங்கள். ஆர்பேசியாவின் வாயைச் சுற்றியுள்ள முள்ளற்ற மென்தோல் அடிப்பக்கத்தில் பாதிக்கும் மேல் பரந்திருக்கும். மற்றதில் அது சிறிய வட்டம். இப்படி ஒரு நாள் பத்தைப் புரட்டிப் பார்த்துத் திருப்பி வைத்தால் போதும்; மறுநாள் முதல் படகில் நின்றபடியே பிரித்துவிடுவீர்கள்.

முள்முனை வெள்ளையாகவும் உடல் பெரிய ஊதா உருண்டையாகவும் ஒன்று தென்படும். அது ஸ்பேரெகைனஸ். எங்கள் பக்கம் அதை எடுப்பதில்லை.

கிழக்கே கிரேக்கம், துருக்கி, சைப்ரஸ் பக்கம் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. செங்கடல் வழியாக வந்து குடியேறிய டயடெமா என்ற இனத்தை 2006இல் துருக்கியின் காஷ் ஊருக்கருகே முதன்முதலாகக் கண்டார்கள். உடலைப்போலப் பல மடங்கு நீண்ட ஊசி முள், உச்சியில் ஐந்து வெண்புள்ளி, நடுவே ஆரஞ்சு வளையம். முள்ளில் நஞ்சு உண்டு. 2022இல் அது பெருமளவில் மடிந்தது என்றாலும் எஞ்சியவை இருக்கின்றன. கிட்டேயே போகவேண்டாம்.

படகும் நீரும்

எங்கள் கரையில் காற்றின் பெயர் மிஸ்திரால். வடமேற்கிலிருந்து, நிலத்தின் மேலிருந்து கடலை நோக்கி வீசும். கரை தெற்கு பார்த்திருப்பதால் மிஸ்திரால் அடிக்கும்போதும் பாறையோரம் நீர் கண்ணாடி போலக் கிடக்கும். புதியவர்கள் ஏமாறுவது இங்கேதான். நங்கூரம் நழுவினாலோ இயந்திரம் கிளம்பாவிட்டாலோ அதே காற்று உங்களைத் திறந்த கடலுக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும். இரண்டு கிலோமீட்டர் தள்ளி அலை ஆளை விழுங்கும் உயரம். மிஸ்திரால் முன்னறிவிப்பு இருந்தால் கிளம்பாதீர்கள். அது ஓய்ந்து இரண்டு நாள் கழித்துப் போங்கள். நீர் தெளிந்திருக்கும்.

நங்கூரத்தை மணலில் போடுங்கள். பச்சை நாடாக்களாக அசையும் பொசிடோனியா கடற்புல்லின் மேல் போடக்கூடாது. அது ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் படரும். ஒரு நங்கூரம் பெயர்த்த இடம் மூட ஒரு தலைமுறை ஆகும். முள்ளெலிக் குஞ்சுகளுக்கு அந்தப் புல்லும் பாறை இடுக்கும்தான் வீடு.

பிப்ரவரியில் இங்கே நீர் 13 டிகிரி. 5 மில்லிமீட்டருக்குக் குறையாத நீச்சல் உடை, தலைமூடி, காலுறை வேண்டும். அப்படியும் அரைமணி நேரத்துக்கு மேல் விரல் பேச்சைக் கேட்காது. படகில் ஒருவர் எப்போதும் இருக்கவேண்டும். நீரில் இருவர்: ஒருவர் மூழ்கும்போது மற்றவர் மேலே இருந்து அவரையே பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். மூச்சடக்கி மூழ்குபவர் சத்தமின்றி மயங்கிவிடுவார் என்பதை அனுபவசாலிகளும் மறக்கிறார்கள். முழுகுபவர் இருப்பதைக் காட்டும் கொடியை ஏற்றுங்கள். ஆழம் போகத் தேவையில்லை. முழங்காலிலிருந்து மூன்று மீட்டர் வரை உள்ள நீரிலேயே வேண்டியது கிடைக்கும்.

எடுப்பது

தடித்த ரப்பர் கையுறை, ஒரு பழைய முள்கரண்டி, வலைப்பை, அளவுகோல். இவ்வளவுதான் கருவி. அளவுகோல் முள்ளுக்கிடையே நுழைந்து ஓட்டைத் தொடும் காலிப்பராக இருந்தால் நல்லது.

என் முதல் குளிர்காலத்தில் ஒரே பாறையில் முப்பது எடுத்தேன். படகுக்கு வந்து உடைத்தால் முப்பதிலும் நூல் போல மெலிந்த சுளை. பக்கத்துப் படகுக்காரர், அறுபது ஆண்டு இந்தக் கரையில் இருந்தவர், உடைத்த ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "முதலில் ஒன்றை உடைத்துப் பார்த்திருக்கலாமே, தம்பி" என்பதுபோல ஒரு வார்த்தை சொன்னார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது. 5 சென்டிமீட்டர் வளர ஏறத்தாழ நான்கைந்து ஆண்டு ஆகும் உயிர் அது. முப்பதை ஒன்றுக்கும் உதவாமல் கொன்றிருந்தேன்.

அன்றிலிருந்து முறை இதுதான். புது இடத்துக்குப் போனால் அளவு சரியான ஒன்றை மட்டும் எடுத்து உடைத்துப் பார்ப்பேன். சுளை தடித்து, ஆரஞ்சாக இருந்தால் அங்கே தொடர்வேன். மெலிந்திருந்தால் நங்கூரத்தைத் தூக்கிவிட்டு இடம் மாறுவேன். முள்ளெலி நெருக்கியடித்துக்கொண்டு, பாறை மொட்டையாகக் கிடக்கும் இடத்தில் தீனி இராது. உள்ளேயும் ஒன்றும் இராது. பாசி செழித்த பாறையில், புல்வெளியின் ஓரத்தில், தள்ளித்தள்ளி உட்கார்ந்திருப்பவையே நிறைந்திருக்கும்.

எடுக்கும்போது வேகம் முக்கியம். மெல்லத் தொட்டால் குழாய்க்கால்கள் இறுகிவிடும், பிறகு இழுத்தால் பிய்யும். முள்கரண்டியை அடியில் நுழைத்து ஒரே நெம்பு, கையில் வந்துவிடும். நீருக்குள்ளேயே அளந்துவிடுங்கள். சிறியதானால் எடுத்த குழியிலேயே வாய் கீழாக வையுங்கள். தூக்கிப் போட்டால் புரண்டு கிடந்து மீனுக்கு இரையாகும். கல்லைப் புரட்டினால் பழையபடி திருப்பி வையுங்கள். ஒரு பாறையில் இரண்டு மூன்றோடு நகர்ந்துவிடுங்கள்.

ஆளுக்கு ஒரு டஜன் போதும். சட்டம் நான்கு டஜன் தருகிறது என்பதற்காக எடுக்கவேண்டியதில்லை. பன்னிரண்டுக்கு மேல் நாக்குக்கு வித்தியாசம் தெரிவதும் நின்றுவிடும்.

உடைப்பதும் தின்பதும்

முதலில் உயிர் இருக்கிறதா பாருங்கள். முள் அசையவேண்டும். முள் சாய்ந்து உதிர்ந்தால், வாய் தொங்கினால், மணம் கடலாக இல்லாமல் வேறாக இருந்தால், தூக்கிப் போடுங்கள். துறைமுகத்துக்குள், கழிவுநீர்க் குழாய் அருகே, ஆற்றுமுகத்தில், பெருமழைக்கு அடுத்த நாட்களில் எடுத்ததைத் தின்னவே கூடாது. பச்சையாகத் தின்னும் பொருளுக்கு நீரின் சுத்தம் ஒன்றே காவல்.

கையுறை போட்ட இடது உள்ளங்கையில் வாய் மேலாக வையுங்கள். கூர்முனைக் கத்தரிக்கோலை வாயைச் சுற்றிய மென்தோலில் குத்தி, ஓட்டின் விளிம்பு வரை வெட்டிக்கொண்டு போய், பிறகு அகலமான இடையை ஒட்டி வட்டமாகச் சுற்றிவாருங்கள். மூடி தனியே வரும். அதோடு ஐந்து பற்கள் கொண்ட தாடைக்கூடும் வரும். அரிஸ்டாட்டில் இதைப் பார்த்துவிட்டு விளக்குக்கூடு போல இருக்கிறது என்று எழுதினார். இன்றும் விலங்கியலார் அதை அரிஸ்டாட்டிலின் விளக்கு என்றே சொல்கிறார்கள். முதல் முறை உடைப்பவர்கள் அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பாருங்கள். தச்சன் இழைத்தது போல இருக்கும்.

உள்ளே கறுத்த நூல் போல இருப்பது குடலும் தீனியும். ஓட்டைக் கவிழ்த்து ஓர் உதறு, பிறகு சுத்தமான கடல்நீரில் ஓர் அலசல். நல்ல தண்ணீரில் அலசினால் சுளை நீர் குடித்துக் குழைந்துவிடும், சுவையும் போய்விடும். அலசியபின் ஐந்து சுளை ஓட்டின் அடியில் ஒட்டி நிற்கும். மங்கிய மஞ்சளிலிருந்து செம்மண் சிவப்பு வரை நிறம் இருக்கலாம்.

சின்னக் கரண்டியால் ஒரு சுளையை அடியோடு வழித்து நாக்கில் வையுங்கள், கடிக்கவேண்டாம். முதலில் உப்பு, அடுத்து அயோடின் நெடி, அதற்குப் பின்னால் மெல்ல ஓர் இனிப்பு. சினை நண்டின் சினை பிடித்தவர்களுக்கு இந்தச் சுவை சீக்கிரம் பிடிபடும்; ஆனால் இது அதைவிட மென்மை, வெண்ணெய் போலக் கரையும். புரோவான்ஸில் நீளவாக்கில் வெட்டிய ரொட்டித் துண்டால் ஓட்டிலேயே வழித்துத் தின்பார்கள். எலுமிச்சை பிழிவதைப் பற்றிச் சண்டையே நடக்கும். என் கருத்து: முதல் மூன்றுக்கு ஒன்றும் சேர்க்காதீர்கள். அதன் பிறகு உங்கள் விருப்பம். கிரேக்கர்கள் கிண்ணத்தில் வழித்தெடுத்து ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சையும் விட்டு ரொட்டியோடு தருவார்கள், அதுவும் அருமை.

தென் இத்தாலியின் முள்ளெலி ஸ்பகெட்டிக்கு எண்ணிக்கை கூடுதலாக வேண்டும். இருவருக்கே இருபதுக்கு மேல் போகும். செய்வதானால் ஒன்றை மறக்காதீர்கள்: பூண்டை ஆலிவ் எண்ணெயில் வாசம் வரும்வரை மட்டும் காய்ச்சி, வெந்த ஸ்பகெட்டியைப் புரட்டி, அடுப்பை அணைத்தபிறகே சுளைகளைப் போடவேண்டும். தீ பட்டால் எல்லாம் திரிந்து துகளாகிவிடும்.

உடனே தின்னாவிட்டால் ஈரச் சாக்கால் மூடி, நிழலில், வாய் கீழாக வையுங்கள். நன்னீர் வாளியில் போட்டால் செத்துவிடும். அன்றே தின்றுவிடுங்கள்.

நண்டு, இறால், சிப்பி ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்யோசனை இல்லாமல் இதில் இறங்கவேண்டாம். அவற்றில் சிக்கல் இல்லாதவர்களுக்கும் முள்ளெலி ஒவ்வாமை வரலாம். முதல் தடவை ஒரு சுளையோடு நிறுத்திக் கொஞ்ச நேரம் பாருங்கள். உதடு வீங்கினால், மூச்சு இறுகினால், கரைக்கு வந்துசேரும்வரை காத்திருக்காமல் படகின் வானொலித் தொடர்புக் கருவியில் உதவி கேளுங்கள். கர்ப்பிணிகள் பச்சையாகத் தின்னவேண்டாம்.

முள் குத்தினால்

குத்தும். முள் சுண்ணாம்பால் ஆனது, தோலுக்குள் போனதும் ஒடியும். வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை இடுக்கியால் நேராக இழுங்கள், சாய்க்காதீர்கள். வலித்தால் பொறுக்கும் சூட்டு வெந்நீரில் ஊறவையுங்கள். ஒடிந்து தங்கிய கரும்புள்ளிகளை ஊசியால் தோண்டவேண்டாம்; வினிகர் நனைத்த துணியைக் கட்டி இரவு விட்டால் மேலோட்டமானவை மெல்லக் கரையும். மூட்டின் மேல் ஆழமாகக் குத்தியிருந்தாலோ, சில நாளில் சிவந்து வீங்கினாலோ மருத்துவரிடம் போங்கள்.

வெற்று ஓடுகளைத் துறைமுகத்தில் கொட்டாமல், எடுத்த இடத்திலேயே ஆழமான பக்கம் போடுங்கள். சின்ன மீன்கள் உடனே கூடி மிச்சத்தைக் கொத்தும். பிறகு நங்கூரத்தை எடுப்பதற்கு முன் படகின் தரையை வாளி வாளியாகக் கடல்நீர் ஊற்றி அலசுங்கள். பலகை இடுக்கிலும் கயிற்றுச் சுருளிலும் கைவிட்டுத் தேடாமல் தூரிகையால் தேயுங்கள். அங்கே தங்கும் முள், யாராவது வெறுங்காலோடு ஏறும் மே மாதம் வரை அப்படியே கூராக இருக்கும்.